தண்ணீரைச் சேர்த்து வைக்காத பாய்லர்: செர்போலே நீராவிக் கார்

2024 பிப்ரவரி 10, இணைய இழையில் வந்த கேள்வி

"நீராவிக் கார் என்பது பெட்ரோல் கார் வருவதற்கு முன் செய்து பார்த்த பொம்மை. கரி அள்ளிப் போட ஒரு ஆள் வேண்டும், என்றைக்காவது ஓட்டுகிறவரோடு சேர்ந்து வெடிக்கும். ஆனால் 1902இல் ஈஸ்டர் அன்று பிரான்சில் ஒரு நீராவிக் கார் 120 கி.மீ. வேகத்தில் ஓடியதாக ஒரு காணொளியில் சொல்கிறார்கள். அதற்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பேராம். இது நிஜமா, கட்டுக்கதையா? நிஜம் என்றால் அந்தக் கம்பெனி எங்கே போனது?"

பிப்ரவரி 10, இரவு

நிஜம் தம்பி. 1902 ஏப்ரல் 13. நீஸ் நகரத்தில் கடலை ஒட்டிப் போகும் புரோமனாட் தெஸ் ஆங்கிலே சாலை. காரைச் செய்த லியோன் செர்போலேயே ஓட்டினார். ஒரு கிலோமீட்டருக்கு 29.8 வினாடி. 3600ஐ 29.8ஆல் வகுத்தால் 120.8 வருகிறது. பெட்ரோல் காரின் சாதனையை அன்று நீராவி முறியடித்தது. கம்பெனியின் பெயர் கார்ட்னர்-செர்போலே, பாரீஸ்.

வெடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்தேன். நான் 26 வருடம் திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன். பாய்லர் வெடிப்பது நீராவியால் மட்டும் இல்லை. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் கொதிநீரால். 100 டிகிரிக்கு மேல் சூடேறிய தண்ணீர் டன் கணக்கில் உள்ளே இருக்கும். தகடு கிழிந்தால் அழுத்தம் போய்விடும், அவ்வளவு தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகப் பொங்கும். சுவரைத் தள்ளுவதும் கூரையைத் தூக்குவதும் அதுதான்.

செர்போலேயின் பாய்லரில் அந்தத் தண்ணீரே கிடையாது. வெறும் குழாய்ச் சுருள். அதை முதலில் நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார். பிறகு ஒரு முனையில் பம்பால் கொஞ்சம் தண்ணீரை அடித்தால், மறு முனையில் நீராவியாக வெளியே வரும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சொய்ங் என்று போகிறதே, அதே வேலை. சூட்டை இரும்பில் சேர்த்து வைத்தார், தண்ணீரில் வைக்கவில்லை. சுருள் எங்காவது விட்டால் ஒரு சீறல், கொஞ்சம் ஆவி. அதோடு முடிந்தது.

பிப்ரவரி 11, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. செர்போலே முறியடித்தது பெட்ரோல் காரின் சாதனையை இல்லை, மின்சாரக் காரின் சாதனையை. 1899 ஏப்ரல் 29 அன்று பாரீஸுக்கு வெளியே ஆஷேர் என்ற இடத்தில் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 105.88 கி.மீ. ஓட்டியிருந்தார். கிலோமீட்டருக்கு 34 வினாடி. அந்த எண் மூன்று வருடம் அப்படியே நின்றது. செர்போலே அதிலிருந்து 4.2 வினாடி குறைத்தார்.

அவருடைய சாதனை நான்கு மாதம்கூட நிற்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில், ஆப்லி என்ற ஊருக்கு அருகே, அமெரிக்கப் பணக்காரர் வில்லியம் கே. வாண்டர்பில்ட் மோர்ஸ் என்ற பெட்ரோல் காரில் 29.4 வினாடியில் முடித்தார். 0.4 வினாடி வித்தியாசம். பெட்ரோல் முதன்முதலாக உலகச் சாதனையைப் பிடித்தது அன்றுதான். ஆக 1902 ஏப்ரலில் போய் ஒருவரிடம் எதிர்காலம் எதில் என்று கேட்டிருந்தால் மின்சாரம், நீராவி, பெட்ரோல் மூன்றில் எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றிருப்பார். பொம்மை என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ளாதது இதனால்தான்.

ஈஸ்டர் விஷயம்: 1902இல் ஈஸ்டர் மார்ச் 30. கார் ஓடியது சரியாக இரண்டு ஞாயிறு கழித்து. முன்னும் பின்னும் முட்டைபோல் வழுவழுப்பாக இருந்ததால் வந்த பெயர் அது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும் என்று உடலை உருட்டிச் செய்தார்கள். மற்ற கார்களெல்லாம் குதிரை இல்லாத குதிரைவண்டி போல நிமிர்ந்து நின்ற காலம்.

பிப்ரவரி 11, மாலை

தோசைக்கல் உவமையை ஒரு அம்மா திருத்தியிருக்கிறார். "கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் தண்ணீர் சொய்ங் என்று போகாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆவியாக வெகுநேரம் ஆகும். பழுக்கக் காய்ந்த குழாயில் அப்படித்தானே ஆகும்?" என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் கேட்டது வெறும் அடுப்படிக் கேள்வி இல்லை. நான் பல வருடம் அந்த வேலையில் இருந்தும் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. இன்று மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூடு மிஞ்சினால் துளிக்கு அடியில் மெல்லிய ஆவிப்படலம் உண்டாகி, அது தண்ணீரை உலோகத்தைத் தொடவிடாமல் தூக்கிப் பிடிக்கும். உருண்டைக் குழாயாக இருந்தால் நடுவில் தண்ணீர் உருண்டு ஓடி, பாதி ஆவியாகாமல் இன்ஜினுக்குள் போய்விடும். செர்போலே குழாயை நசுக்கினார். கனத்த எஃகுக் குழாயைத் தட்டையாக அழுத்தி, உள்ளே மயிரிழை இடைவெளி மட்டும் விட்டு, அதைச் சுருட்டினார். அந்த இடுக்கில் தண்ணீர் உருள இடமே இல்லை. இரண்டு பக்கமும் உலோகம் நெருக்கிப் பிடிக்கும். கனமான சுவர் என்பதால் சூடும் அதில் தங்கும். அவருடைய கண்டுபிடிப்பின் உயிரே அந்த நசுக்கிய குழாய்தான். நான் அதைச் சொல்லாமல் சுருளை மட்டும் சொல்லிவிட்டேன்.

இதைச் செய்தபோது அவர் கல்லூரியில் படித்த பொறியாளர் இல்லை. சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கம், ரோன் ஆற்றங்கரைப் பகுதியில் க்யூலோ என்று ஒரு சிறிய ஊர். அங்கே தச்சுவேலை பார்த்த குடும்பம். 1858இல் பிறந்தவர். அண்ணன் ஆன்ரியோடு சேர்ந்து பட்டறையில் முயன்றுபார்த்து, 1881 வாக்கில் இந்தப் பாய்லரைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்குச் சுமார் 23 வயது.

பிப்ரவரி 13

கரி அள்ளிப் போட ஆள் வேண்டுமா என்பதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. முதல் வண்டிகளுக்கு அது பாதி உண்மை. 1880களின் கடைசியில் செய்த மூன்று சக்கர வண்டிகளில் கோக் கரிதான் எரிந்தது. பிற்பாடு மண்ணெண்ணெய் பர்னருக்கு மாறினார். நம் வீட்டுப் பம்பு ஸ்டவ் எப்படி எரிகிறதோ அதே தத்துவம்: எண்ணெய் முதலில் சூடாகி ஆவியாகி, சிறு துளை வழியாக வந்து நீலமாக எரியும். ஸ்டவ் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு செர்போலே காரின் காலைவேலை பாதி தெரிந்ததுபோல. முதலில் பர்னரைச் சூடேற்றவேண்டும். துளை அடைத்தால் ஊசி விட்டுக் குத்தவேண்டும். சிவப்பு ஜுவாலை வந்தால் புகை பிடிக்கும்.

பெஜோ கம்பெனியின் கதையும் இங்கேதான் வருகிறது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கம்பெனியின் முதல் கார் நீராவிக் கார். 1889இல் பாரீஸ் உலகக் கண்காட்சிக்கு, ஈஃபில் கோபுரம் திறந்த அதே கண்காட்சிக்கு, அர்மான் பெஜோ கொண்டுவந்து நிறுத்திய மூன்று சக்கர வண்டியில் இருந்தது செர்போலேயின் பாய்லர். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே செய்தார்கள். அடுத்த வருடமே பெஜோ டைம்லரின் பெட்ரோல் இன்ஜினுக்கு மாறிவிட்டார்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படும். மிதிவண்டி, ரம்பம், காபி அரைக்கும் இயந்திரம் என்று தொழிற்சாலையும் ஆளும் கையில் வைத்திருந்த குடும்பம் அது. அவர்கள் இன்னும் ஐந்து வருடம் நீராவியோடு இருந்திருந்தால்?

பிப்ரவரி 13, பின்னிரவு

"இருந்திருந்தால்" என்று எழுதிவிட்டு, 1890 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். செர்போலேயும் எர்னஸ்ட் ஆர்ச்டீகன் என்ற வசதியான வீட்டு இளைஞரும் அப்படி ஒரு மூன்று சக்கர வண்டியில் பாரீஸிலிருந்து லியோனுக்குக் கிளம்பினார்கள். 450 கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலம். வழியெல்லாம் ஏதாவது உடையும், ஊர்க் கொல்லனிடம் கொண்டுபோய் அடித்துச் சரிசெய்து மேலே போவார்கள். நாள்கணக்கில் ஆனது, ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை இவ்வளவு தூரம் ஒரு மோட்டார் வண்டி சாலையில் போனது அபூர்வம்.

ஆனால் பெஜோ ஒரு வியாபாரி. விற்கிற வண்டியோடு ஒரு கொல்லனையும் சேர்த்து அனுப்ப முடியாது என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பென்ன? மேலே நான் எழுதிய சங்கடம் நியாயமானது இல்லை. எடுக்காமல் விட்டிருக்கிறேன், ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆர்ச்டீகனைப் பற்றி ஒரு வரி: பிற்காலத்தில் விமானப் பைத்தியம் பிடித்து, ஒரு கிலோமீட்டர் வட்டம் பறந்து திரும்பி வருபவருக்குப் பரிசு என்று நண்பரோடு சேர்ந்து பணம் போட்டார். 1908 ஜனவரி 13 அன்று ஆன்ரி ஃபார்மன் அதை வென்றார். கொல்லன் பட்டறை வாசலில் குளிரில் நின்றவருடைய பணம்.

பிப்ரவரி 16

"தண்ணீரே இல்லாத பாய்லரை அரசாங்கம் எப்படிச் சோதனை போடும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நீர்மட்டக் கண்ணாடி வைக்கத் தண்ணீர்மட்டமே கிடையாது. பிரெஞ்சு அரசு இந்த வகைப் பாய்லருக்கு வழக்கமான கட்டுப்பாடுகள் சிலவற்றிலிருந்து விலக்கு கொடுத்தது. பாரீஸ் தெருக்களில் ஓட்டவும் போலீஸ் அவருக்கு அனுமதி கொடுத்தது, மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. பின்னால் 120 தொட்டவருக்கு முதலில் கிடைத்த எல்லை அது.

அந்த விலக்கு நம்மிடமும் இருக்கிறது என்பதை இந்த இழையில் யாருமே சொல்லவில்லை. 1923ஆம் வருடப் பாய்லர் சட்டத்தில் 5 காலன் கொள்ளளவுக்கு மேல் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் பாய்லராக இருந்தது. 2007இல் அதை 25 லிட்டர் என்று திருத்தினார்கள். கல்யாண மண்டபத்திலும் பெரிய ஓட்டலிலும் இட்லி அவிக்க, சலவைக் கடையில் இஸ்திரிக்கு நீராவி கொடுக்க, ஒரு ஆள் உயரத்தில் நிற்கும் சிறிய பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நிறைய, சுருள்குழாய் வகை. தண்ணீர் ஒரு பக்கம் போய் மறு பக்கம் ஆவியாக வரும். கொள்ளளவு 25 லிட்டருக்குள் அடக்கிச் செய்வார்கள். தயங்காமல் ஒரு சமையல்கட்டில் வைத்துக்கொள்ள விடுகிறார்கள் என்றால், காரணம் செர்போலே சொன்ன அதே காரணம்: உள்ளே சேர்த்து வைத்த தண்ணீர் குறைவு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பட்டறையில் இருந்ததும் சுருள் பாய்லர்தான். இருபது வருடம் கழித்துத்தான் செர்போலே என்ற பெயரே எனக்குத் தெரியவந்தது. தெரிந்த அன்று, ஊரில் இல்லாத தாத்தாவின் போட்டோ கையில் கிடைத்ததுபோல இருந்தது.



  

பிப்ரவரி 20

"அவ்வளவு நல்ல பாய்லர் என்றால் ஏன் செத்தது?"

மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே வரியில் "பெட்ரோல் மலிவு" என்று சொல்லலாம், அது சரியான பதில் இல்லை. என் கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998 கோடை. போர்வெல் தண்ணீர் கல்லுப்பு. தண்ணீரை மென்மையாக்கும் சாதனத்துக்கு உப்பு ஏற்றுகிற முறை இரண்டு ஷிஃப்டாகத் தவறிப்போனது. தொட்டிபோல் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பெரிய டிரம் பாய்லராக இருந்தால் அது உடனே தெரியாது. சேறு அடியில் தங்கும், வாரம் கழித்துத் திறந்துவிட்டுக் கழுவலாம். சுருளில் அப்படி இல்லை. தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போகிற இடத்தில் உப்பு முழுக்க அங்கேயே ஒட்டும். வேறு போக்கிடம் கிடையாது. மூன்றாம் நாள் விடிகாலை குழாயின் ஒரு வளைவு செக்கச் சிவந்து, வீங்கி, ஊசிமுனை அளவு ஓட்டை விட்டது. புகைபோக்கி வழியாக வெள்ளையாக ஆவி. பர்னரை அணைத்தேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெடிக்காத பாய்லரின் அருமையும் அன்று தெரிந்தது, அதன் பலவீனமும் அன்று தெரிந்தது. 11 நாள் பட்டறை நின்றது. கூலிக்காரர்களுக்கு அந்த 11 நாள் சம்பளம் இல்லை. என் ஷிஃப்ட் இல்லை அது, ஆனாலும் நான் போய் உப்பு அளவைப் பார்த்திருக்கவேண்டும் என்று இன்றும் தோன்றும்.

இப்போது அந்த இடத்தில் காரை வையுங்கள். வழியில் கிடைத்த கிணற்றில், குளத்தில் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டு போகிற கார். அதிலும் நான் சொன்ன நசுக்கிய குழாய், மயிரிழை இடுக்கு. அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலாக நின்ற அதே இடுக்குதான் முதலில் அடைபடும்.

இன்னொன்று, சேமிப்பு இல்லை என்பது. டிரம் பாய்லரில் பம்பு பத்து நிமிஷம் நின்றாலும் உள்ளிருக்கும் கொதிநீர் ஆவி கொடுத்துக்கொண்டிருக்கும். சுருளில் பெல்ட் வழுக்கினால் அரை நிமிஷத்தில் அழுத்தம் தரைக்கு வரும், குழாய் வெறுமையாய் நெருப்பில் காயும். தண்ணீர் கூடினால் ஈர ஆவி, குறைந்தால் எரிந்த குழாய். இரண்டுக்கும் நடுவில் கத்திமுனை.

பிப்ரவரி 20, கொஞ்ச நேரம் கழித்து

கத்திமுனை என்று எழுதியதும் செர்போலே அதற்கு என்ன செய்தார் என்று சொல்லாமல் விடுவது அநியாயம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

எண்ணெய்ப் பம்பையும் தண்ணீர்ப் பம்பையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டார். ஓட்டுபவர் ஒரே நெம்புகோலை நகர்த்தினால் இரண்டு பம்பின் அடியும் சேர்ந்து கூடும், சேர்ந்து குறையும். எவ்வளவு நெருப்போ அவ்வளவு தண்ணீர். விகிதம் மாறாது. மேடு ஏறும்போது கூட்டு, சமதரையில் குறை, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த பாய்லரில் இதே வேலையை ஒரு மின் மோட்டாரும் சென்சாரும் செய்தன. அவர் வெறும் இரும்பில், சுழன்று பம்பைத் தள்ளுகிற, படி படியாக வெட்டிய ஒரு கேம் தண்டில் செய்தார்.

இன்ஜினும் பழைய ரயில் இன்ஜின் மாதிரி இல்லை. கார்ட்னர்-செர்போலே காரில் நான்கு சிலிண்டர், இரண்டிரண்டாக எதிரெதிரே படுக்கவைத்தது. நீராவி பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் தள்ளும். சறுக்கு வால்வுக்குப் பதில் பெட்ரோல் இன்ஜினில் இருப்பதுபோல எழும்பி அமரும் வால்வு. ஏனென்றால் நசுக்கிய குழாயிலிருந்து வரும் ஆவி உலர்ந்து, மிகையாகச் சூடேறி வரும். சறுக்கு வால்வில் இருக்கும் எண்ணெயை அது எரித்துவிடும். பாய்லர் மாறியதும் இன்ஜினையும் மாற்றவேண்டும் என்று புரிந்துகொண்டவர். கியர் பெட்டி தேவையில்லை. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை. சத்தமும் அதிர்வும் குறைவு. அன்றைய பெட்ரோல் காரில் கியர் மாற்றத் தனிப் பயிற்சி வேண்டும், கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது மணிக்கட்டு உடையும்.

மார்ச் 2

பத்து நாள் வரவில்லை, மகள் வீட்டில் விசேஷம். அதற்குள் இழையில் பேச்சு ரயிலுக்குப் போய்விட்டது. நல்லதுதான், நான் விட்ட பத்து வருடம் அதில் இருக்கிறது.

பெஜோ போனபின் 1890களில் செர்போலே பெரும்பாலும் டிராம் வண்டிக்குப் பாய்லர் செய்தார். பாரீஸ் தெருக்களில் அவருடைய நீராவி டிராம்கள் ஓடின. ஜெர்மனியில் வூர்டெம்பெர்க் ரயில்வே தன் சிறிய ரயில் பெட்டிகளுக்கு அவருடைய பாய்லரை வாங்கியது. அங்கே என்ன ஆனது தெரியுமா? தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தது, கடைசியில் அந்த ரயில்வேயின் பொறியாளர் யூகன் கிட்டெல் வேறு பாய்லர் வடிவமைத்து அதைப் போட்டார்கள். செர்போலேக்காக வாதாடுகிறவன் நான், ஆனால் இதை மறைக்கக்கூடாது. தினமும் ஒரே ஆள் கவனிக்காத, ஷிஃப்ட் மாறுகிற இடத்தில் அந்தப் பாய்லர் நிற்கவில்லை. என் 1998 அதேதான்.

பிறகுதான் ஃபிராங்க் கார்ட்னர் என்ற அமெரிக்கர் பணத்தோடு வந்தார். பாரீஸின் கிழக்கில் ஸ்தாந்தால் தெருவில் தொழிற்சாலை. 1900 முதல் கார்ட்னர்-செர்போலே என்ற பெயரில் கார்கள். நீஸ் பந்தயங்களில் ரோத்ஷில்டு கோப்பை. 1903இல் பாரீஸ்-மாட்ரிட் பந்தயத்திலும் அவருடைய கார்கள் கிளம்பின. வழியில் பலர் இறந்து, போர்தோ நகரத்தில் அரசாங்கமே நிறுத்திய பந்தயம் அது.

மார்ச் 3

"நீராவி அதோடு முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடியவில்லை. 1906 ஜனவரியில் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், ஸ்டான்லி நீராவிக் காரில் ஃபிரெட் மேரியட் ஒரு மைலை 28.2 வினாடியில் ஓட்டினார். செர்போலே ஒரு கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு, அதுவும் ஒரு மைலுக்கு. நான்கே வருடத்தில். அந்த எண்ணை இன்னொரு நீராவிக் கார் அதிகாரபூர்வமாகத் தாண்ட 2009 ஆகஸ்ட் வரை ஆனது. பிரிட்டிஷ்காரர்கள் செய்த அந்தக் காரில் 12 பாய்லர், கிலோமீட்டர் கணக்கில் குழாய். தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் போகிற போக்கில் ஆவியாக்குகிற குழாய்கள்.

மார்ச் 3, இரவு

இங்கே என் பழைய பதில் ஒன்றைத் திருத்தவேண்டும். பிப்ரவரி 20 அன்று குழாய் அடைப்பு, சேமிப்பு இல்லாமை இரண்டையும் காரணமாகச் சொன்னேன். படித்துப் பார்த்தால் தொழில்நுட்பம் தோற்றதுபோல இருக்கிறது. கார் அளவில் அது அவ்வளவு மோசமாகத் தோற்கவில்லை. ஓடியது, ஜெயித்தது, விற்றது. 1907 பிப்ரவரி 1 அன்று செர்போலே நோயில் இறந்தார். 48 வயது. அந்த வருடத்தோடு கார்களும் நின்றன. அலெக்சாந்தர் தராக்குடன் சேர்ந்து தொடங்கியிருந்த நீராவி பஸ் கம்பெனி மட்டும் இன்னும் சில வருடம் இழுத்தது. லண்டன் தெருவில்கூட அந்த பஸ்கள் ஓடின, 1912 வாக்கில் அவையும் போயின.

எனக்கு இப்போது படுவது இது. அந்தக் கம்பெனியில் பாய்லருக்கும் இன்ஜினுக்கும் பந்தயத்துக்கும் ஒரே ஆள். அவர் காதுக்கு மட்டும் பழக்கமான கத்திமுனை அது. நல்ல பாய்லர்காரர் ஓய்வுபெற்றுப் போனால் அடுத்த மாதமே அந்தப் பாய்லர் மக்கர் செய்யும், பட்டறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பெட்ரோல் கார் பக்கம் ஆயிரம் பேர் ஒரே இன்ஜினைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர்.

மார்ச் 9

பாரீஸில் இருக்கும் அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை 17ஆம் வட்டாரத்தில் சான் ஃபெர்தினான் சதுக்கத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். நடுவில் செர்போலேயின் நினைவுச்சின்னம். 1911இல் வைத்தது, சிற்பி ஷான் பூஷே. கல்லில் கார், கல்லில் ஆவி, ஓட்டுகிற இடத்தில் அவர். பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு பேரிடம் இது யார் என்று கேட்டானாம், இருவருக்கும் தெரியவில்லை. "மாமா, பேர் கீழே எழுதியிருக்கு, ஆனா யாரும் படிக்கல" என்றான்.

அல்சாஸில் மியூலூஸ் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஒரு செர்போலே கார் இருக்கிறது, அடுத்த விடுமுறைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். பர்னர் பக்கம் குனிந்து எடு என்றும் சொன்னேன்.

மார்ச் 10

"பெரிய அனல்மின் நிலையத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா சார்?" உண்டு. 221 பாருக்கு மேல் அழுத்தம் போனால் தண்ணீருக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இருக்காது, டிரம் வைத்துப் பிரிக்க எதுவுமில்லை. ஆகவே அந்த அழுத்தத்துக்கு மேல் ஓடுகிற சூப்பர்கிரிட்டிக்கல் பாய்லரில் டிரம் கிடையாது. ஒரு முனையில் தண்ணீர், மறு முனையில் ஆவி. 1920களில் மார்க் பென்சன் என்பவர் காப்புரிமை வாங்கியது அதற்குத்தான். அவர் செர்போலேயைப் பார்த்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் புரிந்துகொள்ளவேண்டாம். தத்துவம் ஒன்று. நான் படும் பாடும் ஒன்று: அங்கேயும் தண்ணீரில் உப்பு துளிகூட இருக்கக்கூடாது, அதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இரவு பகலாக வேலை செய்யும். அந்தப் பிரிவை ஒரு காரின் டிக்கியில் வைக்க முடியாது என்பதுதான் செர்போலேயின் கஷ்டம்.

மார்ச் 17

நேற்று அவிநாசி வழியாகக் கோயம்புத்தூர் போனோம். மருமகன் ஓட்டினார். கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கைப்பேசியில் நேரம் பிடித்தேன். முள் 100இல் நின்றபோது 36 வினாடி. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, நாலுவழிச் சாலையில். செர்போலே அதில் இன்னும் 6 வினாடிக்கு மேல் குறைத்திருக்கிறார், திறந்த வண்டியில், 1902இன் டயரில், காலுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் நெருப்பு.

ஜன்னலை இறக்கச் சொல்லித் தலையை லேசாக நீட்டிப் பார்த்தேன். கண் திறக்க முடியவில்லை. "120 போகட்டுமா மாமா, நேரம் பிடிங்க" என்றார் மருமகன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.